கடைசி பஸ் இல்லாத தீவுகள்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி, நடுவே கிடப்பது ஸ்ரீரங்கம். 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில் தொடங்கிக் கல்லணைப் பக்கம் வரை நீளும் இந்த ஆற்றுத் தீவில் வாழையும் நெல்லும் விளைகின்றன. ஆனால் கோயிலைச் சுற்றியிருக்கும் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் அடுப்பு எரிவது வெளியூரிலிருந்து வருகிறவர்களை நம்பித்தான். 156 ஏக்கர் கோயிலைச் சுற்றி வந்து, தாயார் சன்னிதியில் வரிசையில் நின்று, 236 அடி ராஜகோபுரத்தின் அடியில் செருப்பைத் தேடி எடுத்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது பசி. அந்தப் பசிதான் இந்தத் தீவின் பெரிய தொழில்களில் ஒன்று.

முசிறி இதே ஆற்றின் வடகரையில், இன்னும் மேற்கே, குளித்தலைக்கு நேர் எதிரே இருக்கிறது. கோரைப்பாய்க்குப் பேர் பெற்ற ஊர். கோரையும் வாழையும் கைகொடுக்காத வீட்டுப் பையன், அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காத பையன், பத்தாவதோடு நின்றுவிட்ட பையன் என்று பலருக்கும் முதல் சம்பளம் ஏதாவது ஒரு ஹோட்டலில்தான் கிடைக்கிறது. முசிறியிலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் 40 கிலோமீட்டர். அங்கிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் தீவு. விடிகாலை பஸ்ஸில் போய் இரவு கடைசி பஸ்ஸில் வீடு திரும்பலாம்.

அடுத்த தீவு கொஞ்சம் தொலைவு. திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2-ம் தேதி திறந்து வைத்தார். அங்கிருந்து கொழும்பு போய் மாலத்தீவு போகலாம்; கொச்சி, திருவனந்தபுரம் வழியாகவும் போகலாம். திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலேவுக்குப் பறக்கும் நேரம் சுமார் ஒன்றரை மணி. முசிறியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போகிற நேரம்கூட ஆகாது. அந்த நாடு முழுக்கச் சுற்றுலாவை நம்பி நிற்கிறது. அங்கே உணவகத்தில் வேலை கிடைக்குமா, எப்படிக் கிடைக்கும், கிடைத்தால் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் ஸ்ரீரங்கத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தீவு வேலையின் முதல் பாடங்கள் இங்கேதான் இருக்கின்றன.

மார்கழியும் மற்ற மாதங்களும்

ஸ்ரீரங்கத்து ஹோட்டல்காரர்கள் நாள்காட்டியைக் கோயிலை வைத்துத்தான் பார்க்கிறார்கள். மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து, நடுவே வைகுண்ட ஏகாதசி. அந்த நாட்களில் இட்லிக் கொப்பரை இறங்குவதே இல்லை. கார்த்திகை முதல் தை வரை மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக வருவார்கள். சித்திரைத் தேர், ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம், புரட்டாசிச் சனிக்கிழமைகள். இவற்றுக்கு நடுவே வருகிற வார நாட்களில், அதுவும் பள்ளிப் பரீட்சை சமயத்தில், அதே மேஜைகள் காலியாகக் கிடக்கும்.

இங்கே வேலை தேட விண்ணப்பம் எழுத வேண்டாம். வாசலில் 'ஆட்கள் தேவை' என்று அட்டை தொங்கும். கல்லாவில் இருப்பவரிடம் நேராகப் போய்க் கேட்பது ஒரு வழி. உள்ளே இருக்கும் சரக்கு மாஸ்டரையோ தோசை மாஸ்டரையோ தெரிந்த அண்ணன் ஒருவர் சொல்லிவிடுவது இன்னொரு வழி. பெரும்பாலும் இரண்டாவதுதான் பலிக்கும். கிளீனராக உள்ளே போய், இலை எடுத்து, டேபிள் துடைத்து, சப்ளையராகி, பிடித்தால் அடுப்பங்கரைக்குள் நுழைந்து மாஸ்டருக்கு எடுபிடியாக நின்று தொழிலைப் பிடிக்க வேண்டும். இந்தப் படிக்கட்டுக்குச் சான்றிதழ் கிடையாது. எவ்வளவு கற்றாய் என்பது கையில்தான் இருக்கும்.

அந்தக் கையின் மதிப்பை நாம் குறைத்துப் பேசுகிறோம். இருநூறு பேருக்குச் சாம்பார் வைப்பவனுக்கு அளவு தெரியும், நேரம் தெரியும், காய் வீணாகாமல் வெட்டத் தெரியும். திருவானைக்காவலில் 1943 முதல் நடக்கும் பார்த்தசாரதி விலாஸுக்கு வெளியூர்க்காரர்கள் நெய் ரோஸ்ட்டுக்கென்றே வருகிறார்கள். ஒரே பதத்தில் நாள் முழுக்க தோசை வார்ப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. கோயில் வீதியில் நல்ல சப்ளையர் தெலுங்கில் வரவேற்பார், கன்னடத்தில் பட்டியல் சொல்வார், இந்தியில் பில் கணக்குச் சொல்வார். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்கூட நான்கு மொழியில் வேலை பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். சுற்றுலாவை நம்பிய எந்தத் தீவிலும் முதலில் தேடப்படும் திறமை அதுதான்.

அப்படியிருந்தும் பையன்கள் ஏன் கிளம்புகிறார்கள்? சம்பளம் நாளுக்கு இவ்வளவு என்று கையில் வரும். சாப்பாடு உண்டு, தங்கவும் இடம் உண்டு. ஆனால் பி.எஃப். பிடிக்கும் கடை குறைவு. தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் 1958-லேயே வந்துவிட்டது. வார விடுமுறையும் வேலை நேர வரம்பும் அதில் இருக்கின்றன. விசேஷ நாட்களில் அந்தச் சட்டத்தை யாரும் நினைப்பதில்லை. அட்வான்ஸ் வாங்கியவன் கணக்குத் தீரும் வரை கடை மாற முடியாது. முசிறி, தொட்டியம் பக்கத்துப் பையன்கள் ஒதுங்கிய இடங்களில் இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஸ்ரீரங்கம் தூர தேசம். ஊரை விட்டு வந்து அடுப்படியில் நிற்பவன் படும் பாடு எங்கும் ஒன்றுதான் என்பதை, மாலத்தீவுக்குக் கிளம்பும் நம் பையன் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உண்மையாகவே கேட்க வேண்டும்.

படகு யாருடையது?

மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள். மக்கள் வாழ்வது 200-க்கும் குறைவானவற்றில். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 5 லட்சத்து 15 ஆயிரம். அதில் நான்கில் ஒருவர் வெளிநாட்டுத் தொழிலாளி. 2024-ல் அங்கே போன சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். உள்ளூர்க்காரர் ஒருவருக்கு ஐந்து விருந்தாளிகள் என்று வைத்துக்கொண்டால், சமைக்கவும் பரிமாறவும் தட்டுக் கழுவவும் வெளியாட்கள் ஏன் தேவைப்படுகிறார்கள் என்பது புரியும்.

இந்தத் தொழில் அங்கே பழையது என்றும் சொல்ல முடியாது. முதல் ரிசார்ட்டான குரும்பா 1972-ல்தான் திறந்தது. அன்று முதல் அவர்கள் கடைப்பிடிக்கும் முறை, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். ஆளில்லாத தீவு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, கடற்கரையைச் சுற்றி விருந்தினர் வில்லாக்களையும் நடுவில் ஊழியர் குடியிருப்பையும் கட்டுவார்கள். மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட்ஹவுஸ் நடத்த அனுமதி வந்து பதினைந்து வருடம் சொச்சம்தான் ஆகிறது. மாஃபுஷி போன்ற தீவுகள் அப்படித்தான் சுற்றுலா ஊராயின. நெல் விளையாத, காய்கறி அரிதாக விளையும் நாடு அது. அரிசி, வெங்காயம், முட்டை எல்லாம் கடல் தாண்டித்தான் வர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து தோணிகள் இன்றும் மாலேவுக்குச் சரக்கு ஏற்றிப் போகின்றன. அங்கே நம் பையன் நறுக்கப்போகும் வெங்காயம் அவனுக்கு முன்பே அந்தப் பயணத்தை முடித்திருக்கும்.

வேலை மூன்று விதம். மாலே நகரத்தின் டீக்கடைகளும் சிறு உணவகங்களும் முதல் வகை. நெரிசலான ஊர், ஓர் அறையில் பலர் படுக்க வேண்டும், சம்பளம் குறைவு, ஆனால் ஆள் எடுப்பது எளிது. கெஸ்ட்ஹவுஸ் இரண்டாவது. ஒரே ஆள் காலைச் சாப்பாடு முதல் இரவு மீன் சுடுவது வரை செய்வார்; தொழில் நன்றாகப் படியும், ஓய்வு கிடைக்காது. மூன்றாவது ரிசார்ட்.

ரிசார்ட் சமையலறை நம்மூர் அடுப்பங்கரை போல இருக்காது. கமி-3, கமி-2, கமி-1, டெமி செஃப், செஃப் தெ பார்ட்டி, சூ செஃப் என்று படி படியாக மேலே போக வேண்டும். சூடான உணவுக்கு ஒரு பிரிவு, குளிர் உணவுக்கு ஒன்று, ரொட்டிக்கு ஒன்று, இறைச்சி வெட்ட ஒன்று. பாத்திரம் கழுவும் பிரிவுக்கு ஸ்டூவர்டிங் என்று பெயர். நம்மூரில் பத்து வருடம் பரோட்டா போட்டவரையும் சான்றிதழோ ஆங்கிலமோ இல்லாவிட்டால் ஸ்டூவர்டிங்கில்தான் நிறுத்துவார்கள். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. நடப்பு அதுதான். இந்திய விருந்தினர்கள் வரத் தொடங்கிய பின், காலை உணவில் கண்ணெதிரே தோசை வார்த்துத் தரும் கவுன்ட்டர் வைத்த ரிசார்ட்டுகள் உண்டு. தோசைக்கல்லைப் பழக்கிய கைக்கு அங்கே வாசல் திறக்கும். ஆனால் அந்தக் கையோடு அடிப்படை ஆங்கிலமும் உணவுச் சுகாதாரப் பயிற்சியும் சேர வேண்டும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைத்ததும் இங்கேதான் வருகிறது. ஸ்ரீரங்கத்து வேலையில் முதலாளி கத்தினால் பையன் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு முசிறி பஸ் ஏறலாம். ரிசார்ட் தீவில் அவன் தூங்கும் கட்டில் முதலாளியுடையது. சாப்பிடும் சோறு முதலாளியுடையது. குடிக்கும் தண்ணீரும், மின்சாரமும், வைஃபையும், உடம்பு சரியில்லை என்றால் பார்க்கும் கிளினிக்கும் முதலாளியுடையவை. கரைக்குப் போகும் படகும் அவருடையதுதான். பக்கத்துக் கடையில் என்ன சம்பளம் என்று கேட்டுவர பக்கத்துக் கடையே கிடையாது. அதனால் அங்கே பேரம் பேசக் கிடைக்கும் நேரம், படகு ஏறுவதற்கு முந்தைய நாட்கள் மட்டும்தான். ஏறிய பிறகு பேசும் எதற்கும் பலம் குறைவு.

நல்ல ரிசார்ட்டுகளில் இந்த வாழ்க்கை மோசமில்லை. சுத்தமான அறை, மூன்று வேளை சாப்பாடு, கால்பந்துத் திடல் எல்லாம் இருக்கும். வாங்கும் சம்பளத்தில் செலவழிக்க வழியே இல்லாததால் சேமிப்பு நிற்கும். மோசமான இடங்களும் உண்டு. வெளியிலிருந்து பார்க்க இரண்டின் கடற்கரையும் ஒரே நீலமாகத்தான் இருக்கும். வித்தியாசம் ஒப்பந்தத் தாளில் இருக்கிறது.

சம்பளத்துக்கு மேல் ஒரு வரி

அந்தத் தாளில் பார்க்க வேண்டியவை பல. முதலாவது சர்வீஸ் சார்ஜ். ஏஜென்ட்டுகள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. சம்பளம் இத்தனை டாலர் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். மாலத்தீவின் வேலைவாய்ப்புச் சட்டம் 2008-ல் வந்தது. பின்னர் அதில் செய்த திருத்தத்தின்படி, சுற்றுலா நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் குறைந்தது 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வாங்க வேண்டும். அதில் 99 சதவீதத்தை ஊழியர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரிசார்ட் ஒரு மாதத்தில் 10 லட்சம் டாலருக்குப் பில் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சார்ஜ் 1 லட்சம் டாலர். ஊழியர் பங்கு 99 ஆயிரம். 300 பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 330 டாலர். பாத்திரம் கழுவுகிறவருக்கு அது அடிப்படைச் சம்பளத்தோடு போட்டிபோடும் தொகை. ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அங்கே உச்ச சீசன். மே பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கத் தொடங்கினால் வில்லாக்கள் காலியாகும், பில் குறையும், 330 என்பது பாதியாகவோ அதற்கும் கீழேயோ போகும். மார்கழிக்கும் வெறும் வார நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்ரீரங்கத்தில் பார்த்தவனுக்கு இது உடனே விளங்கும். விளங்காமல் ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கியவன், ஜனவரி மாதச் சம்பளத்தை நம்பித் தவணை கட்ட ஒப்புக்கொண்டு ஜூலையில் விழிப்பான். கடனைக் கணக்கிடும்போது சர்வீஸ் சார்ஜைச் சேர்க்காமல் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டும்.

அதே சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை வரம்பு இருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு ஒன்றேகால் மடங்கு, வெள்ளிக்கிழமையும் பொது விடுமுறையும் என்றால் ஒன்றரை மடங்கு. ஒரு வருடம் முடித்தால் சம்பளத்தோடு 30 நாள் விடுப்பு. இவை தாளில் வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2022 முதல் அங்கே குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். நம்மவர்களுக்கு அந்தத் தரை கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் தரையும் கூரையும்.

சம்பளம் எந்த நாணயத்தில் என்பதும் முக்கியம். சில வருடங்களாக அங்கே டாலர் தட்டுப்பாடு. உள்ளூர்ப் பணமான ரூபியாவில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாமல் தவிக்கிறார்கள். வங்கி வழியாக மாதம் அனுப்பும் தொகைக்கு உச்சவரம்பு வந்து, அதுவும் குறைந்துகொண்டே போயிருக்கிறது. சம்பளமும் சர்வீஸ் சார்ஜும் டாலரில் என்று எழுதித் தரும் வேலைக்கும், உள்ளூர்ப் பணத்தில் தரும் வேலைக்கும் நடுவே, முசிறியில் காத்திருக்கும் குடும்பத்துக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சோதனை இல்லாத வாசல்

இனி ஏஜென்ட் விஷயம். இதைப் பேசாமல் திருச்சி மாவட்டத்தில் வெளிநாட்டு வேலை பற்றி எழுத முடியாது.

மாலத்தீவுக்குப் போகும் இந்தியர்களுக்கு விமான நிலையத்திலேயே இலவசமாகச் சுற்றுலா விசா போட்டுத் தருகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் இந்த வசதியே மோசடிக்கு வாசலாகவும் இருக்கிறது. "விசா கவலை வேண்டாம், இறங்கினதும் குத்திடுவாங்க, வேலை ரெடி" என்று சொல்லி டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவது சுலபம். சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். முறையான வழி வேறு: ஆளை எடுக்கும் நிறுவனம் முதலில் அந்நாட்டு அரசிடம் அந்தப் பெயருக்கு, அந்தப் பணிக்கு அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தின் நகல் பையன் கையில் இருக்க வேண்டும். அவன் போய் இறங்கிய பிறகு மருத்துவப் பரிசோதனை, பின் வேலை அட்டை, வேலை விசா. அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் விமான டிக்கெட் கைக்கு வந்தால் அந்த டிக்கெட்டைத் தொடக்கூடாது.

நம் நாட்டின் ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாவது படிக்காதவர்கள் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மாலத்தீவு இல்லை. பத்தாவது தேறியவர்களுக்கோ எந்த நாட்டுக்கும் இந்த அனுமதி வேண்டாம். ஆக முசிறியிலிருந்து மாலத்தீவுக்குப் போகும் பையனின் ஒப்பந்தத்தை அரசு அதிகாரி ஒருவரும் பார்ப்பதில்லை. அலைச்சல் மிச்சம் என்று நாம் சந்தோஷப்படுகிறோம். பாதுகாப்பும் அதோடு போய்விடுகிறது.

பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. பெயரைத் தட்டினால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். அதற்கு மேல் கேட்பவர், ரசீது தராதவர், வாட்ஸ்ஆப்பில் மட்டும் பேசுகிறவர் யாராக இருந்தாலும், அவர் நம் சொந்தக்காரரின் சிநேகிதராகவே இருந்தாலும், நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்கக்கூடாது. தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னை கிண்டியில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளைப் பார்க்கும் பழக்கம் நம் கிராமங்களுக்கு வரவில்லை.

முகவரே வேண்டாம் என்ற வழியும் உண்டு. எனக்கு அதுதான் சிறந்ததாகப் படுகிறது. பெரிய ரிசார்ட் குழுமங்கள் தங்கள் இணையதளத்திலேயே காலியிடங்களைப் போடுகின்றன. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, நேர்காணல் வீடியோவில் நடக்கும். இன்னும் உறுதியான பாதை, இந்தியாவிலும் அங்கேயும் ஹோட்டல் வைத்திருக்கும் குழுமத்தில் இங்கேயே சேர்ந்துவிடுவது. தாஜ் குழுமத்துக்கு மாலத்தீவில் ரிசார்ட்டுகள் உண்டு. மேரியட் குழுமத்துக்குத் திருச்சியில் கோர்ட்யார்ட் இருக்கிறது, மாலத்தீவில் பல பெயர்களில் ரிசார்ட்டுகள் இருக்கின்றன. இங்கே இரண்டு வருடம் நல்ல பெயர் எடுத்துவிட்டு உள்ளேயே இடமாற்றம் கேட்கலாம். நேரம் பிடிக்கும். ஆனால் கடன் இல்லை.

அதற்குப் படிப்பு வேண்டும் என்றால் துவாக்குடியில் அரசின் ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. பட்டப்படிப்புக்கு வசதியில்லாதவர்களுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் 'ஹுனர் சே ரோஸ்கார் தக்' என்ற பெயரில் சமையலிலும் பரிமாறுதலிலும் இலவசக் குறுகிய காலப் பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. எட்டாவது படித்திருந்தால் போதும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் பயிற்சி ஒரு நாள் வகுப்பில் முடிந்துவிடும். அந்தச் சான்றிதழ் விண்ணப்பத்தில் நன்றாகப் பேசும். ஸ்ரீரங்கத்தில் வேலை பார்த்த கடை முதலாளியிடம், எத்தனை வருடம் என்ன வேலை பார்த்தான் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்கும் முதலாளிக்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

மூடிய கதவுகள்

சுற்றுலாவை மட்டும் நம்பிய ஊருக்கு ஒரு பயங்கரம் உண்டு. 2020 மார்ச்சில் நம் தீவும் அவர்கள் தீவும் ஒன்றாக மூடின. ஸ்ரீரங்கம் கோயிலில் பக்தர்களுக்கு அனுமதி நின்றது. மாலத்தீவு மார்ச் 27 முதல் யாருக்கும் சுற்றுலா விசா தரவில்லை. ரிசார்ட்டுகள் காலி, சர்வீஸ் சார்ஜ் சைபர், பலருக்குச் சம்பளமும் சைபர். கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் மாலேயிலிருந்து சுமார் 700 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ஜூன் 7-ம் தேதி தூத்துக்குடிக்கு வந்தது. 'சமுத்திர சேது' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். மாலத்தீவு ஜூலை 15-ல் திறந்துவிட்டது. ஸ்ரீரங்கம் செப்டம்பர் 1-ல் திறந்தது. இங்கே வேலை போனவனுக்கு முசிறியில் அம்மா கையால் கஞ்சியாவது இருந்தது.

பெருந்தொற்று வேண்டாம், அரசியல் போதும். 2023-ல் மாலத்தீவுக்கு அதிகம் போனவர்கள் இந்தியர்கள், 2 லட்சத்துக்கும் மேல். 2024 ஜனவரியில் இரு நாட்டுக்கும் இடையே மனக்கசப்பு வந்தது. அந்த ஆண்டு இந்தியர் எண்ணிக்கை 1 லட்சத்து 30 ஆயிரமாக இறங்கியது. இந்தியர்கள் குறைந்தாலும் மொத்தப் பயணிகள் கூடினார்கள், ஆகவே நாடு தப்பித்தது. ஆனால் இந்தியச் சாப்பாட்டுக் கவுன்ட்டரில் மட்டும் நின்றவன் என்ன செய்வான்? ஒரு பிரிவில் வேலை கற்றவன் இரண்டாவது பிரிவையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வேறு தீவுகளும் இருக்கின்றன. சிங்கப்பூரில் இந்திய உணவகங்கள் 2023 செப்டம்பர் முதல் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் எடுக்கலாம். மாதச் சம்பளம் குறைந்தது 2,000 சிங்கப்பூர் டாலர் என்பது நிபந்தனை. சிங்கப்பூரில் சப்ளையர் வேலை, மாதம் இவ்வளவு என்று இங்கே யாராவது ஆள் பிடித்தால் இந்த விதியை நினைவில் வையுங்கள். அது சமையல்காரருக்கானது.

அந்தமானை நாம் மறந்துவிடுகிறோம். போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் தீவுக்கு 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர். 2011 கணக்கெடுப்பில் அங்கே 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். விசா வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம். நம் நாட்டுத் தொழிலாளர் சட்டம் செல்லும். தகராறு என்றால் நம் நீதிமன்றம். சம்பளம் மாலத்தீவு அளவுக்கு வராது. கடலோர ரிசார்ட் வேலை எப்படி இருக்கும், சீசன் முடிந்ததும் என்ன ஆகும், வீட்டை விட்டு எட்டு மாதம் இருக்க மனம் தாங்குமா என்பதையெல்லாம் கடன் வாங்காமல் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. முதலில் ஸ்ரீரங்கம், அடுத்து அந்தமான், பிறகு மாலத்தீவு என்று என் வீட்டுப் பையனாக இருந்தால் அனுப்புவேன்.

முசிறி, தொட்டியம், தாத்தையங்கார்பேட்டை பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பையன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினால், ஆங்கிலத்தில் இருக்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்து வரிக்கு வரி படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் தீவு, எந்த நிறுவனம், என்ன பதவி, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, டாலரா ரூபியாவா, சர்வீஸ் சார்ஜ் உண்டா, போகவும் வரவும் டிக்கெட் யார் செலவு, பாதியில் திரும்பினால் என்ன பிடிப்பார்கள் என்று கேளுங்கள். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. முதலாளி வாங்கிப் பூட்டி வைக்க உரிமை இல்லை என்று பையனிடம் சொல்லி அனுப்புங்கள். மாலேயில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் எண்ணை அவன் போனிலும் உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு கோரிக்கை. வெளிநாடு போகிறவர்களுக்கான ஆலோசனை எல்லாம் சென்னையிலும் இணையத்திலும் இருந்தால் முசிறிக்கு வந்து சேராது. மாதம் ஒரு நாள், முசிறி தாலுகா அலுவலகத்திலேயோ அரசு கலைக் கல்லூரியிலேயோ ஒரு மேஜை போடுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஒருவர், முகவரின் உரிமத்தைச் சரிபார்க்க ஒருவர், துவாக்குடி கல்லூரியிலிருந்து பயிற்சி பற்றிச் சொல்ல ஒருவர் என மூன்று பேர் உட்கார்ந்தால் போதும். அதை அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கும் காலம் தொடங்குவதற்குள் செய்யுங்கள். நவம்பரில் மாலத்தீவு நிரம்பும். ஆட்களைத் தேடும் வேலை அதற்குச் சில மாதங்கள் முன்பே ஆரம்பித்துவிடுகிறது.